மலோலோஸ் பெண்கள் கேட்ட பள்ளிக்கூடம்

மணிலாவிலிருந்து வடக்கே போகும் விரைவுச்சாலையில், நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் புலகான் மாகாணம் வந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸின் விடுதலை வரலாற்றைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் மணிலாவோடு நின்றுவிடுவார்கள். எழுத்தாளர் ஹோசே ரிசாலைச் சிறைவைத்த சாந்தியாகோ கோட்டையும், 1896 டிசம்பர் 30 அன்று அவரைச் சுட்டுக்கொன்ற மைதானமும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஊரார் ஆயுதம் எடுப்பதற்கு முன்னால், மனுவையும் பத்திரிகையையும் மட்டும் நம்பி ஸ்பெயினிடம் உரிமை கேட்ட ஒரு தலைமுறை இருந்ததே, அவர்கள் கேட்டதில் ஏதாவது ஒன்றாவது கிடைத்ததா? அதைத் தேடித்தான் புலகானுக்குப் போனேன்.

முதலில் இறங்கியது புலகான் என்ற ஊரில். மாகாணத்தின் பெயரே ஊருக்கும். ஒரு காலத்தில் மாகாணத் தலைநகரும் இதுவாகத்தான் இருந்தது. மணிலா வளைகுடாவை ஒட்டிய தாழ்வான கழிமுகப் பூமி. நான் வந்த ஜீப்னி என்ற பொது வண்டியின் இருபுறமும் மீன் வளர்க்கும் குட்டைகள், கரைகளில் நீப்பா பனை. கடல் ஏறும் நாட்களில் தெருவுக்கே தண்ணீர் வந்துவிடும் என்றார் பக்கத்தில் இருந்தவர். வாசற்படிகளை உயர்த்தி உயர்த்திக் கட்டியிருப்பதைப் பார்த்தால் அவர் சொல்லாமலே விளங்கும். இறங்கி ட்ரைசைக்கிள் பிடித்தேன். பிளாரிடெல் நினைவகம் என்றதும் ஓட்டுநர் வழிகேட்கவில்லை.

பிளாரிடெல் என்ற புனைபெயரில் எழுதியவர் மார்செலோ டெல் பிலார். 1850 ஆகஸ்ட் 30 அன்று, அப்போது குபாங் எனப்பட்ட இந்தப் பகுதியில் பிறந்தார். இன்று இதன் பெயர் சான் நிகோலாஸ். இதே மாகாணத்து ஊர் ஒன்றுக்கு 1936இல் பிளாரிடெல் என்றே பெயர் மாற்றினார்கள். அவருடைய பிறந்த நாள் 2022 முதல் சட்டப்படி தேசியப் பத்திரிகைச் சுதந்திர நாள். வெளியே ரிசாலின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாது. பத்திரிகையில் பிழைக்கிற எவருக்கும் இவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வளாகத்தில் புல்வெளியும் அருங்காட்சியகமும் சிலையும் இருக்கின்றன. சிலைக்கு அடியில்தான் அவருடைய எலும்புகள். அவை இந்த இடத்துக்கு வந்துசேர எண்பத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1896இல் பார்சிலோனாவில் யாரோ இரவல் கொடுத்த குழியில் புதைக்கப்பட்டவர். 1920இல் எடுத்து மணிலாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1984இல்தான் பிறந்த மண்ணுக்கு வந்தார். நான் போனபோது பள்ளிப் பிள்ளைகள் சிலர் சிலையின் பீடத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எதையோ பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பெயின் ஆட்சி என்றால் படையும் கவர்னர் ஜெனரலும் என்றுதான் நமக்குத் தோன்றும். பிலிப்பைன்ஸ் கிராமத்துக்காரருக்கு அந்த ஆட்சி என்பது பங்குச்சாமியார். அகுஸ்தீன் சபை, தொமினிக் சபை, பிரான்சிஸ் சபை என்று ஸ்பெயினிலிருந்து வந்த துறவற சபைக்காரர்களிடமே பங்குகளில் பெரும்பாலானவை இருந்தன. கவர்னர் ஜெனரல்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிவிடுவார்கள். சாமியார் பல ஆண்டுகள் அதே ஊரில் இருப்பார். பள்ளிக்கூடத்தை மேற்பார்வை செய்வது அவர். ஊர்த்தலைவர் தேர்தலில் கூடவே உட்கார்ந்திருப்பது அவர். வரிப் பட்டியலைப் பார்ப்பதும், இன்னார் நல்லவர் இன்னார் ஆபத்தானவர் என்று மேலே எழுதி அனுப்புவதும் அவர்தான். பெரிய பெரிய நிலங்களும் சபைகளின் கையில் இருந்தன. மேலிடத்துக்குப் போகிற எந்தப் பேச்சும் அவர் வழியாகத்தான் போக வேண்டும்.

டெல் பிலார் இதை இளவயதிலேயே பட்டு அறிந்தவர். 1869இல் மணிலாவில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றார். சாமியார் கேட்ட கட்டணம் அதிகம் என்று வாதாடினார். அதற்கு முப்பது நாள் சிறை. 1872இல் கவித்தே படைத்தளத்தில் ஒரு கலகம் நடந்தது. அதைச் சாக்கிட்டு கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று உள்நாட்டுக் குருக்களின் கழுத்தை இரும்புப் பட்டையால் நெரித்துக் கொன்றார்கள். டெல் பிலாரின் அண்ணன் தொரிபியோவும் குரு. அவரை மரியானா தீவுகளுக்கு நாடுகடத்தினார்கள். பிற்காலத்தில் வழக்கறிஞரான இவர் தன் படிப்பு முழுவதையும் சாமியார்களின் அதிகாரத்துக்கு எதிராகத் திருப்பியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவர் பேசிய இடங்கள்தான் என்னை மிகவும் கவர்ந்தன. சேவற்கட்டுக் களம், திருவிழாக் கூட்டம், கடைத்தெரு, சாவு வீடு. இந்தப் பகுதியின் தகாலோக் மொழி பேசும் மக்களிடம் துப்ளோ என்று ஒரு கவிப்போட்டி உண்டு. துக்க வீட்டில் இரவு கண்விழிக்கும்போது, நம் எசப்பாட்டு மாதிரி, ஒருவர் பாட ஒருவர் மடக்குவார்கள். அதில் இவர் தேர்ந்த கை. ஸ்பானிய மொழியில் சட்டம் படித்த மனிதர், ஊராரிடம் அவர்கள் சிரிக்கும் தகாலோக்கில் பேசினார். 1882இல் தகாலோக்கும் ஸ்பானியமும் கலந்து வந்த நாளிதழ் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். ரிசால் நாட்டுப்பற்றைப் பற்றி எழுதிய கட்டுரையை அதில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1888இல் ஜெபப் புத்தகத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு சாமியார்களின் பேராசையைக் கேலிசெய்யும் சிறு நூலை எழுதினார். கர்த்தர் கற்பித்த ஜெபம், அருள்நிறை மரியே, பத்துக் கட்டளை எல்லாம் அதில் உருமாறி வந்தன. மக்களுக்கு மனப்பாடமான சந்தம்; எழுதப் படிக்கத் தெரியாதவர் காதிலும் ஒருமுறை விழுந்தால் நின்றுவிடும். அவருடைய அண்ணன் மகன் கிரெகோரியோ அப்போது சிறுவன். கோவிலில் விநியோகிக்க வைத்திருந்த சாமியாரின் பிரசுரங்களுக்குள் சித்தப்பாவின் தாள்களை அவன் மாற்றி வைத்தான் என்ற கதையை இந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். பின்னாளில் அமெரிக்கப் படையை எதிர்த்து திராத் கணவாயில் இருபத்து நான்கு வயதில் மடிந்த இளம் ஜெனரல் அவன்தான்.

கைது வரப்போகிறது என்று தெரிந்ததும் 1888 அக்டோபர் இறுதியில் டெல் பிலார் கப்பலேறினார். மனைவி மார்சியானாவையும் இரு பெண்களையும் விட்டுவிட்டுப் போனார். ஏழு பிள்ளைகள் பிறந்து தங்கியவை அந்த இரண்டே. 1889 பிப்ரவரி 15 அன்று பார்சிலோனாவில் ‘லா சொலிடாரிடாட்’ முதல் இதழ் வந்தது. மாதம் இருமுறைப் பத்திரிகை. தொடக்க ஆசிரியர் இலோய்லோவைச் சேர்ந்த கிராசியானோ லோபெஸ் ஹயேனா. அந்த ஆண்டு டிசம்பரில் பொறுப்பு டெல் பிலாரின் கைக்கு வந்தது. பத்திரிகையும் மாட்ரிட்டுக்கு இடம்பெயர்ந்தது.

அதன் பக்கங்கள் நெருக்கமான எழுத்தில் கட்டுரை கட்டுரையாக நிரம்பியவை. கோரிக்கைகளைப் படித்தால் மனம் கனக்கிறது, அவ்வளவு சிறியவை. ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் பிலிப்பைன்ஸுக்கு உறுப்பினர் வேண்டும். சட்டத்தின்முன் ஸ்பானியருக்கும் பிலிப்பினோவுக்கும் ஒரே நிலை வேண்டும். பங்குகளில் உள்நாட்டுக் குருக்கள் வேண்டும். எழுதவும் கூடவும் உரிமை வேண்டும். விசாரணை இல்லாமல் நாடுகடத்தக் கூடாது. விடுதலை கேட்கவே இல்லை. ஸ்பெயினின் ஒரு மாகாணமாக எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டார்கள். நாடாளுமன்ற இடம்கூடப் புதிய கோரிக்கை கிடையாது. முன்பு சில காலம் இருந்து, 1837இல் பறிக்கப்பட்டது. ரிசாலும், அந்தோனியோ லூனாவும், இதே மாகாணத்து பலிவாக் ஊர்க்காரர் மரியானோ போன்சேயும் அதில் எழுதினார்கள். பிலிப்பைன்ஸில் பத்திரிகைக்குத் தடை. கடத்திக் கொண்டுவந்து கைமாற்றிப் படித்தார்கள்.

மாட்ரிட்டிலிருந்து டெல் பிலார் மனைவிக்குத் தகாலோக்கில் எழுதிய கடிதங்கள் இன்று நூலாகவே இருக்கின்றன. இந்த அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தது அவற்றைப் பற்றித்தான். மணிலாவில் ஒரு குழு நன்கொடை திரட்டி அனுப்ப வேண்டும். பணம் ஒழுங்காக வராது. சாப்பாட்டைத் தவறவிட்டார். தெருவில் கிடந்த சுருட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்துக் குளிரைத் தாங்கினார் என்கிறார்கள். கைக்குழந்தையாக விட்டுவந்த இளைய மகள் அனிதா, தனக்குக் கிடைத்த ஒரு பெசோவை அப்பா ஊர்திரும்ப வழிச்செலவுக்கு என்று அனுப்பினாளாம். அவர் திரும்பவில்லை. பணம் வற்றி 1895 நவம்பர் 15 அன்று பத்திரிகை நின்றது. ஊர்திரும்பும் எண்ணத்தோடு பார்சிலோனாவுக்கு வந்தவர், 1896 ஜூலை 4 அன்று அங்கே மருத்துவமனையில் காசநோயால் இறந்தார். வயது 45. அதே ஆண்டு ஜனவரியில் அதே நகரில் அதே நோயில் லோபெஸ் ஹயேனாவும் போய்விட்டிருந்தார். டெல் பிலார் இறந்த அடுத்த மாதமே பிலிப்பைன்ஸில் புரட்சி வெடித்தது. புரட்சியை நடத்திய கதிபுனான் சங்கத்தின் முதல் தலைவர் தியோதாதோ அரெல்யானோ. டெல் பிலாரின் சகோதரியின் கணவர்.

நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவே இல்லை. சிலையைச் சுற்றி வந்து வெளியேறும்போது நான் கொண்டுவந்த கேள்விக்கு இல்லை என்பதே விடை போலத் தோன்றியது. மலோலோஸ் போகும் ஜீப்னி ஏறினேன்.

மலோலோஸ் மாகாணத் தலைநகர். சுற்றுலாப் பேருந்துகள் வருவது பராசோவைன் கோவிலுக்கு. 1898இல் முதல் காங்கிரஸ் கூடியதும், 1899 ஜனவரி 23 அன்று முதல் பிலிப்பைன்ஸ் குடியரசு பிறந்ததும் அங்கேதான். அதைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு ஊரின் நடுவே இருக்கும் பேராலயத்துக்கு நடந்தேன். அமெரிக்கர் நெருங்கியபோது பின்வாங்கிய பிலிப்பினோ படையே தீவைத்த கோவில், பிறகு எழுப்பியிருக்கிறார்கள். வாசலில் பெரிய மரம். அதன் நிழலில் புரட்சிக்காலத்து மனிதர்களின் சிலைகள் கூடிப் பேசுவது போல நிற்கின்றன. அவற்றில் ஒன்று ஒரு பெண்ணுடையது: பசிலியா தந்தோகோ. அவரையும் அவருடைய தோழிகளையும் தேடித்தான் நான் வந்திருந்தேன்.

1880களில் இந்தக் கோவிலின் பங்குச்சாமியார் பெலிப்பே கார்சியா. அவருக்கும் ஊருக்கும் இடையிலான பகை 1887இல் முற்றியது. தொற்றுநோயில் இறந்தவர்களின் உடலைக் கோவிலில் வைக்கக் கூடாது என்று மணிலாவில் அக்டோபர் 18 அன்று ஓர் உத்தரவு வந்தது. சுகாதார உத்தரவுதான், ஆனால் அடக்கப் பூசைக் காசு சாமியாருக்கு வருமானம். ஊர்த்தலைவர் மனுவெல் கிறிசோஸ்தோமோ என்ன செய்தார் தெரியுமா? பாண்டு வாத்தியத்தை முன்னால் விட்டு, ஊர்வலமாகப் போய் உத்தரவைத் தெருத்தெருவாக அறிவித்தார். சாமியார் பதிலுக்கு ஒரு வேலைக்காரரின் சடலத்தை ஊர்வலமாகக் கொண்டுபோனார். டெல் பிலாரின் யோசனைப்படி கிறிசோஸ்தோமோ மாகாண ஆளுநரிடம் புகார் கொடுத்தார். சாமியாருக்குக் கண்டனம் வந்தது. கோவில் வாசலிலிருந்து அந்தத் தெருக்களைப் பார்த்தால் இந்தச் சண்டையின் அளவு புரிகிறது. ஐந்து நிமிட நடைக்குள் எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர். சாமியாரை எதிர்ப்பவர், அடுத்த ஞாயிறு அவர் முன்னால்தான் முழங்காலிட வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1888 டிசம்பர் 12. கவர்னர் ஜெனரல் வலேரியானோ வெய்லர் மலோலோஸ் வந்திருந்தார். பிற்பாடு கியூபாவில் மக்களை முகாம்களில் அடைத்துச் சாகவிட்ட அதே வெய்லர். இருபது பெண்கள் கூட்டமாக நடந்துபோய் அவரிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். தந்தோகோ, தியோங்சோன், ரேயெஸ், தன்சாங்கோ, உய்தாங்கோய் என்று ஊரின் வசதியான சீன-பிலிப்பினோ வணிகக் குடும்பத்துப் பெண்கள். பலர் உடன்பிறந்தவர்கள், ஒன்றுவிட்ட சகோதரிகள். சிலர் பதின்வயதினர். கடிதத்தை நீட்டியவர் இருபத்து மூன்று வயது அல்பெர்த்தா உய்தாங்கோய்.

அவர்கள் கேட்டது ஓர் இரவுப் பள்ளி. தியோதோரோ சந்திகோ என்ற ஆசிரியரிடம் ஸ்பானிய மொழி படிக்க அனுமதி வேண்டும். பகலில் வீட்டு வேலை இருக்கிறது, இரவில் படிக்கிறோம்.

இது ஏன் பெரிய விஷயம்? ஆணை, பத்திரம், நீதிமன்றம் எல்லாம் ஸ்பானிய மொழியில். 1863 முதல் பள்ளிகளில் அதைக் கற்றுத்தர வேண்டும் என்று மாட்ரிட்டின் சட்டமே இருந்தது. சாமியார்கள் அது நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். மக்கள் அந்த மொழியைப் படித்துவிட்டால் நடுவில் அவர்கள் தேவைப்பட மாட்டார்கள். பெண்கள் வழியாக வீடு படித்துவிட்டால் அதைத் தடுக்கவும் முடியாது. பெலிப்பே கார்சியா எதிர்த்தார். வெய்லர் மனுவை மறுத்தார்.

அல்பெர்த்தாவின் வீடு கமிஸ்திசுஹான் என்ற பழைய பகுதியில் இருக்கிறது. இன்று அதுதான் மலோலோஸ் பெண்களின் அருங்காட்சியகம். தெரு அகலமில்லாதது, தலைக்குமேல் மின்கம்பிப் பின்னல். கீழே கல், மேலே மரம் என்ற அந்தக் காலத்துக் கட்டுமானம். சன்னல்கள் மேல்தளத்தின் நீளத்துக்குப் போகின்றன. கண்ணாடிக்குப் பதில் உள்ளங்கை அளவுச் சதுரங்களாக வெட்டிய சிப்பித் தகடு. வெயில் அதன் வழியாகப் பால் நிறத்தில் வந்து பலகைத் தரையில் விழுகிறது. சன்னலின் அடியிலும் சிறு திறப்புகள், காற்றுக்கு. வீட்டைக் காட்டிய மூதாட்டி ஒரு சதுரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சற்றே சொரசொரப்பு, வெயிலில் இளஞ்சூடு.

சுவரில் படங்கள். விறைப்பான தோள்துணி, கழுத்துவரை பொத்தான் போட்ட பாவனையில் நேராகக் கேமராவைப் பார்க்கும் முகங்கள். “இவர்களைக் கூட்டிக்கொண்டு போனது யார்?” என்று கேட்டேன். “யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை சார், அவர்களேதான் போனார்கள்” என்றார் மூதாட்டி, என்னைத் திருத்துகிற குரலில். கடிதத்தை ஸ்பானிய மொழியில் எழுதிக்கொடுத்தவர் சந்திகோ என்று வரலாறு சொல்கிறது. ஆனாலும் மூதாட்டி சொன்னதில்தான் நியாயம் இருக்கிறது. ஊர்த்தலைவர் எதிர்த்தால் அவருக்குப் பதவி ஒரு கவசம். திருமணமாக வேண்டிய பெண்கள், கோவிலில் பெயர் கெட்டால் வாழ்க்கையே கெடும் என்ற ஊரில், ஆட்சியின் உச்சத்தில் இருந்தவர்முன் போய் நின்றார்கள். மறுத்த பிறகும் விடவில்லை. மனு மேல் மனு. மணிலாவில் ஆதரவாளர்கள் மூலம் நெருக்கினார்கள்.

1889 பிப்ரவரியில் அனுமதி வந்தது. நிபந்தனைகளோடு: அரசு காசு தராது, செலவு அவர்களுடையது, சந்திகோ கூடாது, குவாதலூபே ரேயெஸ் என்ற பெண் ஆசிரியர்தான், இரவில் கூடாது, பகலில். ஒப்புக்கொண்டார்கள். இருபது பேரில் ஒருவரான ரூபினா ரேயெஸின் வீட்டில் பள்ளி திறந்தது.

செய்தி கடல் கடந்தது. டெல் பிலார் பார்சிலோனாவிலிருந்து லண்டனில் இருந்த ரிசாலுக்கு எழுதினார்: இந்தப் பெண்களுக்குத் தகாலோக்கில் ஒரு கடிதம் எழுதுங்கள். ரிசால் அப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் மோர்காவின் பழைய வரலாற்று நூலுக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்திவிட்டு நீண்ட கடிதம் எழுதினார், தேதி 1889 பிப்ரவரி 22. கண்ணை மூடிக்கொண்டு சாமியார் சொல்வதற்குத் தலையாட்டுவது பக்தி ஆகாது, சிந்திக்கத் தெரிந்த தாயிடம்தான் நிமிர்ந்த பிள்ளை வளரும் என்பது அதன் சாரம். ஐரோப்பாவின் நூலகத்தில் இருந்த பெரிய எழுத்தாளர் ஊர்ப்பெண்களுக்கு அறிவுரை சொன்ன கதையாக இதைப் பாடநூல்கள் சொல்லிவிடுகின்றன. இந்த வீட்டில் நின்று தேதிகளை வரிசைப்படுத்தினால் வேறொன்று தெரிகிறது. அவர் எழுதுவதற்குப் பத்து வாரங்களுக்கு முன்பே இவர்கள் போய்விட்டு வந்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் பெறும் தகுதி அவர்கள் சம்பாதித்தது.

பள்ளி நடந்தது சுமார் மூன்று மாதம். நெருக்கடி கூடி மூடிவிட்டார்கள். சந்திகோவும் ஸ்பெயினுக்குப் போனார். மூன்று மாதத்தில் எவ்வளவு இலக்கணம் படித்திருப்பார்கள் என்று கணக்குப் போடத் தோன்றலாம். நான் வேறு கணக்குப் போட்டேன். ஸ்பெயினில் ஏறக்குறைய ஏழாண்டுகள் வந்த பத்திரிகை, எத்தனையோ விருந்து, பேச்சு, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நடை. அத்தனைக்கும் மசியாத ஆட்சி, ஒருமுறை சொன்ன ‘இல்லை’யை இந்த ஊரில் திரும்பப் பெற்றது. சீர்திருத்தக்காரர்களின் முகவரியை மாட்ரிட் காப்பிக்கடைகளில் தேடுகிற வழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தப் பத்திரிகையின் தாளுக்கும் மைக்கும் போன காசு இந்த மாதிரி வீடுகளிலிருந்து போனது, பிரதிகளை ஒளித்து வைத்ததும் இந்த மாதிரி மாடிகள்தான். மார்சியானா போன்றவர்கள் கணவர் இல்லாமல் குடும்பம் நடத்தியதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

இருபது பேரும் அதோடு அடங்கிவிடவில்லை. 1899இல் அமெரிக்காவோடு போர் வந்தபோது அவர்களில் பலர் செஞ்சிலுவைக் கிளையில் சேர்ந்து காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். 1906இல் பெண்ணியச் சங்கத்தின் மலோலோஸ் கிளையைத் தொடங்கியபோது இதே பெயர்கள்தான் உறுப்பினர் பட்டியலில். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்று 1937 ஏப்ரல் 30 அன்று நாடு முழுவதும் பெண்களையே கேட்டார்கள். நான்கரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேண்டும் என்று வாக்களித்துச் சட்டமானது. வெய்லரிடம் கடிதம் நீட்டிய அல்பெர்த்தாவுக்கு அப்போது எழுபத்தொன்று. 1953 வரை வாழ்ந்தார்.